காம்பஸ் குறுக்கீடு: ட்ரோனை நகர்த்துவதா, காலிபிரேஷன் செய்வதா?

கல்யாண மண்டபத்தின் மொட்டை மாடி. ட்ரோனைத் தரையில் வைத்து ஆன் செய்த சில நொடிகளில் கைப்பேசித் திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது: காம்பஸில் (திசைகாட்டியில்) குறுக்கீடு இருக்கிறது, ட்ரோனை நகர்த்துங்கள் அல்லது காலிபிரேஷன் (அளவுதிருத்தம்) செய்யுங்கள். கீழே மாப்பிள்ளை அழைப்பு கிளம்பிவிட்டது. நாதஸ்வரச் சத்தம் தெருமுனையைத் தாண்டிவிட்டது. படம் எடுப்பவர் என்ன செய்வார்? ட்ரோனைக் கையில் தூக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றுவார். மூக்கைக் கீழே கவிழ்த்து இன்னொரு சுற்று. திரையில் பச்சை நிறம் வந்துவிடும். எச்சரிக்கை போய்விட்டது என்று நிம்மதியாகப் பறக்கவிடுவார். உண்மையான சிக்கல் பல நேரங்களில் அப்போதுதான் தொடங்குகிறது.

நகர்த்துவதும் காலிபிரேஷன் செய்வதும் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று எடுத்துக்கொள்ளக்கூடியவை அல்ல. இரண்டும் வெவ்வேறு கோளாறுகளுக்கானவை. மாடியில் நின்றுகொண்டு இருக்கும்போது வரும் எச்சரிக்கைக்கு முதலாவதுதான் பெரும்பாலும் சரியான பதில். திரையில் பொத்தானாக வந்து நிற்பதோ இரண்டாவது. பொத்தான் இருந்தால் அழுத்தத்தானே தோன்றும்?

ட்ரோனுக்குக் காம்பஸ் எதற்கு என்பதிலிருந்து ஆரம்பிப்போம். ஜிபிஎஸ் இருக்கும்போது திசைகாட்டி வேறு எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. ஜிபிஎஸ், ட்ரோன் எங்கே இருக்கிறது என்று சொல்லும். எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லாது. கார் என்றால் போகும் திசையே முகம் திரும்பியிருக்கும் திசை. இறக்கை விமானமும் ஏறக்குறைய அப்படித்தான். நான்கு சுழலிகள் கொண்ட ட்ரோன் அந்தரத்தில் அசையாமல் நிற்கும், பக்கவாட்டில் போகும், பின்னோக்கியும் போகும். அது நகரும் திசையை வைத்து மூக்கு இருக்கும் திசையைச் சொல்லிவிட முடியாது.

ஜைரோ இருக்கிறதே என்றால், அது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பதை மட்டும் அளக்கும். திரும்பிய அளவைக் கூட்டிக்கொண்டே வந்தால், தொடங்கிய திசையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று தெரியும். தொடங்கிய திசை எது என்று தெரியாது. கூட்டக் கூட்டச் சின்னச் சின்னத் தவறுகளும் சேர்ந்துகொண்டே போகும். ஆகவே வடக்கு எது என்று சொல்ல, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சில்லு வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் பொழுதுபோக்கு ட்ரோன்களில் பரவலாக இருந்த ஹனிவெல் நிறுவனத்தின் எச்எம்சி 5883எல் சில்லு, மூன்று மில்லிமீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர். அதற்குள் மூன்று அச்சுகளில் காந்தப்புலத்தை அளக்கும் உணரிகள் இருந்தன.

அது அளக்க வேண்டிய பொருளோ மிக மெலிது. பூமியின் காந்தப்புலம் இடத்துக்கு இடம் 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் அலகு) வரை இருக்கும். தமிழகத்தில் சுமார் 40. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்கும் சாதாரணக் காந்தத்தின் பரப்பில் இதைப்போல நூறு மடங்கு இருக்கும்.

காம்பஸ் காட்டுவது காந்த வடக்கு. வரைபடமோ உண்மையான வடக்கை வைத்து வரையப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ட்ரோன் தானே கழித்துக்கொள்ளும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் உலகக் காந்த மாதிரி என்ற கணிப்பு இருக்கிறது. அதிலிருந்து எடுத்த அட்டவணையை ட்ரோன் தன் நினைவகத்தில் வைத்திருக்கும். ஜிபிஎஸ் இடத்தைச் சொன்னதும் அந்த இடத்துக்கான திருத்தம் தானாகச் சேர்ந்துவிடும். சென்னையில் இந்த வித்தியாசம் இரண்டு டிகிரிக்கும் குறைவு. நம் ஊரில் யாரும் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

திசை தவறினால் என்ன ஆகும்

ட்ரோன் ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. காற்று அதைக் கிழக்கே ஒரு மீட்டர் தள்ளிவிட்டது. ஜிபிஎஸ் அதைக் கவனித்துச் சொல்கிறது. உடனே ட்ரோன், மேற்கே போக வேண்டும் என்று முடிவு செய்கிறது. தன் மூக்கு வடக்கே இருக்கிறது என்று காம்பஸ் சொல்வதால், இடப்பக்கம் சாய்ந்தால் மேற்கே போகலாம் என்று சாய்கிறது. ஆனால் காம்பஸில் 30 டிகிரி பிழை. மூக்கு உண்மையில் வடக்கிலிருந்து 30 டிகிரி கிழக்கே திரும்பியிருக்கிறது. இடப்பக்கம் சாய்ந்த ட்ரோன் நேர் மேற்கே போகாமல் மேற்கும் வடக்கும் கலந்த திசையில் போகிறது. கொஞ்ச நேரத்தில் அது நிற்க வேண்டிய இடத்துக்கு வடக்கே வந்துவிட்டது. இப்போது தெற்கே போக வேண்டும்; போகிறது, மறுபடியும் 30 டிகிரி விலகி, தென்மேற்குப் பக்கமாக. பிறகு மேற்கிலிருந்து கிழக்கே, அதுவும் கோணலாக. கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று ஒரே இடத்தை வட்டமிட்டுக்கொண்டே இருக்கிறது.

ட்ரோன் ஓட்டுபவர்கள் இதை டாய்லெட் பவுல் எஃபெக்ட் என்பார்கள். பெயர் நாகரிகமாக இல்லை. பார்த்தவர்கள் வேறு பெயர் வைக்க மாட்டார்கள்.

பிழை சிறிதாக இருந்தால் வட்டம் சுருங்கி, ட்ரோன் ஒருவழியாக நிலைக்கு வந்துவிடும். லேசான தள்ளாட்டம் என்று காற்றின் மேல் பழி போட்டுவிட்டு நாமும் படம் எடுத்துக்கொண்டிருப்போம். பிழை 90 டிகிரியைத் தொட்டால், திருத்துவதற்கான ஒவ்வொரு அசைவும் இலக்கை நோக்கிப் போகாமல் பக்கவாட்டிலேயே போகும். அதைத் தாண்டினால், அருகே வர எடுக்கும் முயற்சியே ட்ரோனை மேலும் விலக்கும். விலக விலக இன்னும் வேகமாகத் திருத்த முயலும். இன்னும் வேகமாக விலகும். கைவிட்டுப் பறந்து போய்விட்டது, சிக்னல் போய்விட்டது, சீன மென்பொருள் சதி என்றெல்லாம் சொல்லப்படும் கதைகளில் ஒரு பகுதி இந்த எளிய வடிவியல்தான். நடைமுறையில் 90 வரை போக வேண்டியதும் இல்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கணக்கும் அதே தவறான திசையை நம்பியே நடப்பதால், அதற்கு முன்பே வட்டம் விரியத் தொடங்கிவிடும்.

உடம்பின் காந்தமும் இடத்தின் காந்தமும்

காம்பஸைக் கெடுக்கும் காந்தம் இரண்டு வகை. ஒன்று, ட்ரோனோடு சேர்ந்து பயணம் செய்வது: அதன் மோட்டார்களில் இருக்கும் காந்தங்கள், எஃகு ஸ்குரூக்கள், பேட்டரியின் உலோகப் பட்டைகள், கேமராவின் பாகங்கள். ட்ரோன் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவையும் கூடவே திரும்பும். இன்னொன்று, இடத்தோடு நிற்பது: கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, தகரக் கூரை, பாதாளச் சாக்கடை மூடி, பந்தலின் இரும்புக் குழாய், நிறுத்திவைத்த கார். காலிபிரேஷன் முதல் வகையைத்தான் தீர்க்கும். இரண்டாவது வகையைத் தீர்க்க அதனால் முடியாது. அது அதற்காக உருவாக்கப்பட்டதும் இல்லை.

இந்தப் பாடத்தை முதலில் விலை கொடுத்துக் கற்றவர்கள் மாலுமிகள். மரக்கப்பல்கள் போய் இரும்புக் கப்பல்கள் வந்தபோது, கப்பலின் உடலே காம்பஸை இழுக்கத் தொடங்கியது. பிரிட்டனின் அரச வானியலாளராக இருந்த ஜார்ஜ் பிடெல் ஏரி, 1838-இல் ரெயின்போ என்ற இரும்புக் கப்பலை வெவ்வேறு திசைகளில் திருப்பித் திருப்பிக் காம்பஸ் எவ்வளவு விலகுகிறது என்று அளந்தார். பிறகு காம்பஸுக்கு அருகே காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் வைத்து அந்த விலகலைச் சரிக்கட்டினார். ஆனாலும் 1854 ஜனவரியில் லிவர்பூலிலிருந்து மெல்போர்னுக்கு முதல் பயணம் கிளம்பிய டெய்லர் என்ற இரும்புக் கப்பல், அயர்லாந்தின் லாம்பே தீவில் மோதி மூழ்கியது. தெற்கே போவதாக நினைத்துக்கொண்டு மேற்கே போயிருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காம்பஸ் தவறாகக் காட்டியதே முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது.

கப்பலைத் துறைமுகத்தில் ஒரு முழுச் சுற்று திருப்பி அளக்கும் வழக்கம் அந்தக் காலத்தில் வேரூன்றியது. ட்ரோனைக் கையில் பிடித்து நாம் சுற்றும் சுற்று அதன் நேரடி வாரிசு. கணக்கும் அதேதான். நல்ல வெளியில் ஒரு குறையில்லாத காம்பஸை எல்லாத் திசைகளிலும் புரட்டி, ஒவ்வொரு நிலையிலும் மூன்று அச்சுகளின் அளவையும் புள்ளியாகக் குறித்தால், புள்ளிகள் எல்லாம் ஒரு கோளத்தின் பரப்பில் அமரும். பூமியின் புலம் மாறுவதில்லை, ட்ரோன்தான் புரள்கிறது. ஆகவே மையத்திலிருந்து எல்லாப் புள்ளிக்கும் ஒரே தூரம். ட்ரோனின் உடலில் நிரந்தரக் காந்தம் இருந்தால், கோளம் அப்படியே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். காந்தமாக இல்லாமல், அருகே இருக்கும் புலத்தை வளைத்து இழுக்கும் மெல்லிரும்பு இருந்தால், கோளம் முட்டை வடிவமாக நசுங்கும். நகர்ந்த மையத்தைக் கண்டுபிடித்துக் கழிப்பதும், முட்டையை மறுபடி உருண்டையாக்குவதும்தான் காலிபிரேஷன். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

படுக்கையாக ஒரு சுற்று, மூக்கைக் கவிழ்த்து ஒரு சுற்று என்பது ஏன்? முதல் சுற்று கோளத்தின் மேல் ஒரு வளையத்தை வரைகிறது. இரண்டாவது அதற்குக் குறுக்கே இன்னொரு வளையம். இரண்டு வளையம் கிடைத்தால் மையத்தைப் பிடித்துவிடலாம். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக ஓடுவதால் இரண்டு வளையமும் கோளத்தின் இடுப்பிலேயே அமைகின்றன. இலண்டனில் புலம் 66 டிகிரி தரைக்குள் சாய்ந்திருக்கும். அங்கே படுக்கைச் சுற்று வரைவது கோளத்தின் கோடியில் ஒரு சின்ன வளையம்.

இப்போது மொட்டை மாடிக்கு வருவோம். முறுக்குக் கம்பிகள் ஒவ்வொன்றும் ஓரளவு காந்தமேறியவை. அவற்றின் புலம் ஒரு முழம் தள்ளினால் ஒரு மாதிரி, அடுத்த முழத்தில் வேறு மாதிரி. கையை நீட்டி ட்ரோனைப் பிடித்துச் சுற்றும்போது அது ஒரே புள்ளியில் நின்று சுழல்வதில்லை. நம்மைச் சுற்றி ஒரு வட்டத்தில் போகிறது. அந்த வட்டத்தின் ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு புலம். மென்பொருளோ எல்லாப் புள்ளிகளும் ஒரே புலத்தில் எடுத்தவை என்று நம்பிக் கோளம் பொருத்துகிறது. தவறான மையம் கிடைக்கிறது. அந்தத் தவறு, ட்ரோனின் உடம்பில் இருக்கும் காந்தம் என்று பதிவாகிவிடுகிறது. பிறகு ட்ரோன் முப்பது மீட்டர் மேலே போகும்; கம்பிகளின் இழுப்பு அங்கே துளியும் இருக்காது. ஆனால் அந்த இழுப்புக்காகக் கழித்த கழித்தல் நிற்காமல் தொடரும். தரையோடு நின்றிருக்க வேண்டிய பிழையை வானத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறோம்.

இதைவிடச் சூட்சுமமானது சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசி. ட்ரோனைப் பிடித்துக்கொண்டு நாம் சுற்றும்போது கைப்பேசியும் கூடவே சுற்றுகிறது. ட்ரோனின் பார்வையில் அது அசையாத காந்தம். உடம்பின் ஒரு பாகம். படுக்கைச் சுற்றில் கோளம் அழகாகப் பொருந்தும், மென்பொருளுக்குச் சந்தேகமே வராது. நாம் கைப்பேசியோடு நகர்ந்துவிடுவோம். இல்லாத ஒரு காந்தத்துக்கான திருத்தம் ட்ரோனுக்குள் தங்கிவிடும். காந்தப் பூட்டு உள்ள கைப்பேசி உறையோ காந்தப் பட்டை உள்ள கைக்கடிகாரமோ இருந்தால் பாதிப்பு இன்னும் பெரிது. ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனத்தின் கையேடுகள் காலிபிரேஷன் நேரத்தில் கைப்பேசியை உடன் வைத்திருக்கக் கூடாது என்று எழுதுவது இதனால்தான். அதே கைப்பேசியில் வரும் வழிகாட்டலைப் பார்த்துக்கொண்டே சுற்றச் சொல்வது இன்னொரு வேடிக்கை. அதற்கு ஒரே வழி, கைப்பேசி மாட்டிய ரிமோட்டைச் சில அடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துவிட்டு, தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது.

சரி, மாடியில் எச்சரிக்கை வந்தால்? ட்ரோனைத் தூக்கி மாடியின் வேறு மூலையில் வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் முக்காலி கிடைத்தால் அதன் மேல் வையுங்கள். கம்பியிலிருந்து தூரம் கூடினால் இழுப்பு மிக வேகமாகக் குறையும், தரையில் வந்த எச்சரிக்கை முக்காலியில் வராமலே போகலாம். இரும்புக் கால் வைத்த நாற்காலி வேண்டாம். எதுவும் சரிப்படவில்லை என்றால் கீழே இறங்கி, மண் தரையோ புல்வெளியோ தேடுவதுதான். மாப்பிள்ளை அழைப்பை இரண்டு நிமிடம் கழித்து மேலேயிருந்து எடுத்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

எச்சரிக்கை வராவிட்டாலும், கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, செய்பவர்கள் குறைவு. திரையில் வரைபடத்தைத் திறந்து, ட்ரோனைக் குறிக்கும் அம்பைப் பாருங்கள். ட்ரோனின் மூக்கு எதிரே போகும் தெருவைப் பார்த்தபடி இருக்கிறது என்றால், அம்பும் அந்தத் தெருவின் போக்கிலேயே இருக்க வேண்டும். அம்பு பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துகொண்டு நிற்கிறது என்றால், மென்பொருள் என்ன பச்சை விளக்கு காட்டினாலும் கிளம்பக் கூடாது. ட்ரோன் ஆன் ஆகும்போது காம்பஸைப் பார்த்துத்தான் தன் தொடக்கத் திசையை முடிவு செய்கிறது. காரின் பானட் மேல் வைத்து ஆன் செய்தால், காரின் இரும்பு சொன்ன வடக்கோடுதான் அது கிளம்பும். மேலே போனதும் காம்பஸ் ஒன்று சொல்லும், தொடக்கத்தில் பிடித்த திசை வேறு சொல்லும். இரண்டுக்கும் நடுவே ட்ரோன் திணறும்.

மின்சாரமும் ஒரு காந்தம்தான்

சுற்றிச் சுற்றிச் செய்யும் காலிபிரேஷனில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: அப்போது மோட்டார்கள் ஓடுவதில்லை. மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு என்பது பள்ளிப் பாடம். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் வீரியம் புரியும். 10 ஆம்பியர் ஓடும் ஒற்றைக் கம்பியிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி உள்ள புலம் 40 மைக்ரோடெஸ்லா. தமிழகத்தில் பூமியின் புலம் எவ்வளவோ அவ்வளவு. மருந்து தெளிக்கும் விவசாய ட்ரோன் நிறைதொட்டியோடு எழும்பும்போது பேட்டரியிலிருந்து நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். தரையில் துல்லியமாக இருந்த காம்பஸ், விசையைக் கூட்டியதும் வேறு ஊருக்கு வழி சொல்லும்.

இதற்கான தீர்வு பெரும்பாலும் இடம்தான். டிஜேஐயின் பழைய ஃபேன்டம் ட்ரோன்களில் காம்பஸ் தரையில் ஊன்றும் கால் ஒன்றில் இருந்தது. மின்கம்பிகளிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. ட்ரோனைச் சொந்தமாகக் கட்டுபவர்கள் ஜிபிஎஸ்ஸையும் காம்பஸையும் ஒரே வட்டப் பெட்டியாக ஒரு தண்டின் உச்சியில் நிறுத்துவதும் இதற்காகவே. பேட்டரிக்குப் போகும் கம்பியையும் வரும் கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரண்டின் புலமும் எதிரெதிரே இருந்து பெரும்பகுதி அழிந்துவிடும். காசு செலவில்லாத வைத்தியம். அந்தத் தண்டைப் பிடிக்கும் ஸ்குரூ எஃகாக இல்லாமல் பித்தளையிலோ நைலானிலோ இருக்க வேண்டும். காந்த முனை வைத்த ஸ்குரூ டிரைவரால் முடுக்கினால் எஃகு ஸ்குரூவும் காந்தமாகிவிடும் என்பது பழுதுபார்ப்பவர்கள் பலருக்கே நினைவில் இருப்பதில்லை. சொந்தமாகக் கட்டும் ட்ரோன்களை இயக்கும் ஆர்டுபைலட் மென்பொருளில் விசையைப் படிப்படியாகக் கூட்டி, மின்னோட்டத்துக்கு ஏற்பக் காம்பஸ் எவ்வளவு விலகுகிறது என்று பதிந்துகொள்ளும் தனி வசதி இருக்கிறது. கடையில் வாங்கும் சிறிய ட்ரோன்களில் இந்த வேலையைத் தயாரிப்பாளரே முடித்துவிடுகிறார். அதன் மேல் நாம் ஒரு விளக்கையோ ஒலிபெருக்கியையோ கட்டித் தொங்கவிட்டால், அவர் செய்த வேலை வீண்.

நம் ஊரின் அதிர்ஷ்டம், அதிலும் சில விதிவிலக்குகள்

இணையத்தில் கிடைக்கும் காம்பஸ் அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. அங்கே நிலைமை வேறு. காம்பஸுக்கு உதவுவது பூமியின் புலத்தில் படுக்கையாக ஓடும் பகுதி மட்டுமே. பிரிட்டனில் புலம் செங்குத்தாகச் சாய்ந்திருப்பதால் படுக்கைப் பகுதி 20 மைக்ரோடெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவு. தமிழகத்தில் சாய்வு பத்து டிகிரிக்கும் குறைவு. ஆகவே ஏறக்குறைய 40 முழுவதும் படுக்கையாகவே கிடைக்கிறது. பக்கவாட்டிலிருந்து 10 மைக்ரோடெஸ்லா குறுக்கீடு வந்தால் இங்கே பிழை 14 டிகிரி. அங்கே 27 டிகிரிக்கும் மேல். ஒரே ட்ரோன், ஒரே இரும்பு, இரட்டிப்புப் பிழை. புலம் முழுக்கப் படுக்கையாக ஓடும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போவதன் பலன் இது. அந்த நடுக்கோட்டுக்காகவே 1963-இல் கேரளத்தின் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலிக்கு அருகே ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான்.

அதற்காக மெத்தனமாக இருந்துவிடவும் முடியாது. சேலத்துக் கஞ்சமலை மேக்னடைட் என்ற காந்தக் கல் நிறைந்த மலை. திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலை, வேடியப்பன் மலைகளிலும் அதே தாது உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் கிளம்பும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். காலிபிரேஷனைக் கண்டிப்பாக வேறு எங்காவது முடித்துக்கொண்டு வர வேண்டும்.

மின்கோபுரங்கள் இன்னொரு கவலை. சாதாரண உயர் அழுத்தக் கம்பிகளில் ஓடுவது மாறுமின்னோட்டம்; நொடிக்கு நூறு முறை திசை மாறும் அதன் புலத்தை ட்ரோன் சராசரியாக்கிப் புறந்தள்ளிவிடும். அங்கே காம்பஸுக்கு அதிகத் தொல்லை தருவது கோபுரத்தின் எஃகுதான். ஆனால் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை வரும் 800 கிலோவோல்ட் கம்பித்தடம் வேறு இனம். அது நேர்மின்னோட்டத் தடம். கொள்ளளவு 6,000 மெகாவாட். அதில் நேர், எதிர் என்று இரண்டு மின்முனைகளுக்கும் தனித்தனிக் கம்பிகள்; முழுச் சுமையில் ஒரு முனைக் கம்பியில் சுமார் 3,750 ஆம்பியர் ஓடும். அந்த முனை மட்டும் இருப்பதாக வைத்துக்கொண்டால், இருபது மீட்டர் தள்ளி அதன் புலம் 37 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டுகிறது. எதிர்முனை அதில் ஒரு பங்கைக் குறைக்கும், முழுவதையும் அல்ல. இது மாறாமல் நிற்கும் புலம் என்பதால் சராசரி எடுத்தும் தப்ப முடியாது. அந்தத் தடத்தின் பக்கம் ட்ரோனோடு போகாமல் இருப்பதற்கு வேறு காரணங்களும் ஏராளம். காம்பஸும் அதில் ஒன்று.

சூரியப் புயல் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தப் புயல் எச்சரிக்கை வந்தால் ட்ரோன் காம்பஸ் கெட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2003-க்குப் பிறகு வந்த மிகப் பெரிய புயலான 2024 மே மாதப் புயலில்கூட, நடுக்கோட்டுப் பகுதிகளில் புலம் மாறியது 0.4 மைக்ரோடெஸ்லா அளவுக்குத்தான். நாற்பதில் அது நூற்றில் ஒரு பங்கு. திசையில் அரை டிகிரிப் பிழை வந்தால் அதிகம். புயல் உண்மையில் கெடுப்பது ஜிபிஎஸ்ஸை. அமெரிக்காவில் விதைப்புப் பருவத்தில் ஜிபிஎஸ் வழிகாட்டும் டிராக்டர்கள் அந்த நாட்களில் நின்றுபோயின. துருவத்தை ஒட்டிய நாடுகளில் காம்பஸுக்கும் கவலை உண்டு, இங்கே இல்லை.

எப்போது செய்ய வேண்டும்

ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் காலிபிரேஷன் செய்யுங்கள் என்பது ட்ரோன்கள் வந்த புதிதில் எல்லாரும் சொன்ன அறிவுரை. இன்னும் சில பயிற்சி வகுப்புகளில் ஓதப்படுகிறது. என் பார்வையில் அது கெடுதலான அறிவுரை. நல்ல இடத்தில் செய்த காலிபிரேஷன் மாதக்கணக்கில் தாங்கும். அதை அழித்துவிட்டு ஒவ்வொரு புது இடத்திலும் புதிதாக எழுதினால், என்றாவது ஒருநாள் கெட்ட இடத்தில் எழுதப்படும். டிஜேஐயின் சிறிய ட்ரோன் கையேடுகள் கடைசியாகப் பறந்த இடத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் போனாலோ, 30 நாளுக்கு மேல் பறக்காமல் இருந்தாலோ செய்யச் சொல்கின்றன. உலகம் முழுவதற்கும் ஒரே கையேடு எழுதுபவர்கள் அப்படித்தான் எழுத முடியும். சென்னையிலிருந்து மதுரைக்குப் போனால் பூமியின் புலம் சொல்லிக்கொள்ளும்படி மாறுவதில்லை. மென்பொருள் கட்டாயமாகக் கேட்டால் செய்ய வேண்டியதுதான்; ஆனால் விடுதியின் மாடியில் அல்ல, போகிற வழியில் ஒரு திறந்த மைதானத்தில்.

மாறாக, உண்மையிலேயே செய்ய வேண்டிய தருணங்கள் உண்டு. ட்ரோனைப் பழுதுபார்க்கத் திறந்து மூடினால், மோட்டாரோ பேட்டரி வகையோ மாறினால், பலமாக விழுந்து எழுந்தால், காரில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வெகுநேரம் கிடந்தால், அதன் உடம்பின் காந்தம் மாறியிருக்க வாய்ப்புண்டு. அப்போது, பறக்கும்போது என்னென்ன மாட்டியிருக்குமோ அத்தனையையும் மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும்.

பறந்துகொண்டிருக்கும்போதே ட்ரோன் வட்டமிடத் தொடங்கினால், கை முதலில் போவது வீடு திரும்பும் பொத்தானுக்கு. அதுதான் ஆபத்து. வீட்டுக்கு வழி தெரிய ட்ரோனுக்குத் திசை தெரிந்திருக்க வேண்டும், தெரியாததால்தானே வட்டமிடுகிறது. ஜிபிஎஸ்ஸையும் காம்பஸையும் விட்டுவிட்டுச் சமநிலையை மட்டும் காக்கும் நிலை ஒன்று உண்டு. ஆட்டி மோட் என்பார்கள். அந்த நிலையில் குச்சியை முன்னே தள்ளினால் ட்ரோன் தன் மூக்கு இருக்கும் பக்கம் போகும், அவ்வளவுதான். வடக்கு எது என்று அதற்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை; ஆகவே பிழையும் இல்லை. காற்று தள்ளும், பிரேக் பிடிக்காது. ஆனால் நம் சொல்லைக் கேட்கும். வருத்தம் என்னவென்றால், ஃபேன்டம் 4 ப்ரோ போன்ற பழைய ட்ரோன்களில் இதற்கென்று சுவிட்ச் இருந்தது; இன்றைய சிறிய ட்ரோன்களில் பெரும்பாலும் இல்லை. காம்பஸ் கைவிட்டபோது ட்ரோன் தானாகத்தான் அந்த நிலைக்குப் போகும், அதுவும் அது பிழையை உணர்ந்தால் மட்டும். அதுவரை இரும்பை விட்டு விலகி உயரப் போகவும், பிறகு கண்ணுக்கு எட்டும் திறந்த வெளியில் தரையிறக்கவும் முயல்வதைத் தவிர வழியில்லை.

காம்பஸையே நம்பாமல் பறக்கும் வழிகளும் வந்துவிட்டன. விலை உயர்ந்த தொழில்முறை ட்ரோன்களில் இரண்டு ஜிபிஎஸ் ஆன்டெனாக்களை இரு முனைகளில் வைத்து, அவற்றின் இடங்களின் வித்தியாசத்திலிருந்தே மூக்கின் திசையைக் கணக்கிடுகிறார்கள். எஃகுப் பாலங்களையும் காற்றாலைக் கோபுரங்களையும் ஆய்வு செய்பவர்களுக்கு அது பெரிய வரம். ஆர்டுபைலட்டின் 4.1 பதிப்பிலிருந்து, ட்ரோன் சாயும் விதத்தையும் ஜிபிஎஸ் காட்டும் நகர்வையும் ஒப்பிட்டுத் திசையை ஊகிக்கும் கணக்கு சேர்ந்திருக்கிறது. கிளம்பிச் சற்று தூரம் நகர்ந்தால்தான் அது வேலை செய்யும் என்பது ஒரு குறை.

ஆர்டுபைலட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி, பறந்து முடித்ததும் பதிவுக் கோப்பைத் திறந்து பார்க்கலாம். மூன்று அச்சுகளையும் சேர்த்துக் கிடைக்கும் மொத்தப் புலம் தமிழ்நாட்டில் 400 மில்லிகாஸ் (40 மைக்ரோடெஸ்லா) அருகே, ட்ரோன் எப்படித் திரும்பினாலும் ஏறக்குறைய ஒரே கோடாக ஓட வேண்டும். திரும்பும்போதெல்லாம் அலையடித்தால் காலிபிரேஷன் கெட்டிருக்கிறது. விசை கூடும்போது மட்டும் ஏறி இறங்கினால் அது மின்னோட்டத்தின் வேலை. அங்கே எத்தனை சுற்று சுற்றினாலும் பயன் இல்லை, காம்பஸைக் கம்பிகளிலிருந்து தள்ளித்தான் வைக்க வேண்டும். கிளம்பும் இடத்தில் மட்டும் ஒரு குதி குதித்து, சில மீட்டர் உயர்ந்ததும் அடங்கினால், குற்றம் தரையில் இருக்கிறது.